இரண்டு மணி பத்து நிமிடப் பயணம்

அன்புள்ள அண்ணாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், திட்டு என்பதற்காகக் குறைக்கவும் மாட்டேன், எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதுவேன். கோபத்தில் எழுதினால் அம்மாவின் கையெழுத்து அம்மாவுக்கே புரியாது, அதனால்தான் நான். இனி அம்மா பேசுவது.

மகனே, நீயும் மருமகளும் குழந்தையும் சுகம்தானே. இங்கே நானும் உன் தங்கையும் சுகம். அப்பா சுகமா என்று நீதான் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியாமல் அவருக்கு வைத்தியம் பார்ப்பது நீதானே. போனில் கேட்டால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். நேற்று அவருடைய சவரப் பெட்டியைத் துடைக்கும்போது, கண் ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பச்சைப் பட்டை இரண்டு துண்டாகக் கிடந்தது. விமானத்தில் ஏறக் கூடாது என்று எழுதிய பட்டை. கேட்டால், டாக்டர் சொன்னபடி குப்புறப் படுத்துக்கொண்டே தலையணையிடம் பதில் சொல்கிறார். விமான நிலையத்தில் யாராவது பார்த்தால் ஏற்ற மாட்டார்கள், முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னாயாம். முழுக்கை புழுங்குகிறது என்று இவர் பட்டையையே வெட்டிவிட்டாராம். அப்பனும் மகனும் நன்றாகச் சேர்ந்தீர்கள்!

ரெண்டு மணி பத்து நிமிஷம்தாம்ப்பா, ஒரு தூக்கம் போட்டா எங்க ஊர் வந்துடும் என்றாயாமே. ஆயுசெல்லாம் பஸ் ஓட்டுகிற மனுஷன், நாங்க டீக்கு நிறுத்துற இடம்கூட அதுக்குள்ள வராதே என்று சிரிக்கிறார். தூரத்தையும் நேரத்தையும் போனில் தட்டிப் பார்த்தாயே, உங்கப்பா கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்த்தாயா? பிய்ந்த விழித்திரையை ஒட்ட வைக்க உள்ளே வாயு அடைத்திருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் ஓடினேன், கிட்டத்து ஊர்தானே என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எவ்வளவு நேரம் என்கிற பேச்சே இல்லைம்மா, விமானம் மேலே ஏறினாலே அந்த வாயு ஊதும், பார்வையே போய்விடலாம் என்றார். வாயு முழுக்கக் கரைந்துவிட்டது என்று அவர் சொல்கிறவரை இவர் தரையில்தான். பார்வை போனவர் கையில் எந்த டிப்போடா பஸ்ஸைக் கொடுக்கும்?

மருமகளுக்கு லீவு முடிகிறது, குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, கஷ்டம்தான். அதை என்னிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்? நான் வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதானே அவரைத் தனியாகப் பிடித்தாய். பேரன் என்றால் அவர் உருகிவிடுவார் என்று உனக்குத் தெரியும். அங்கிருந்து இங்கே வரவும் அதே ரெண்டு மணி பத்து நிமிஷம்தானடா. ஆபரேஷன் அன்றைக்கு எங்கே போனாய்?

வெள்ளிக்கிழமை டிக்கெட்டை இதைப் படித்ததுமே ரத்து செய். அவர் உன் பிள்ளையை இரண்டு கண்ணாலும் பார்க்கட்டும். அப்பாவுக்குத் தனியாகப் போன் பண்ணாதே, இனி ஸ்பீக்கரில்தான் பேச்சு. குழந்தை தும்மினால் ஃபேனைக் குறைத்து வை. மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

உன்னைப் பெற்ற, இன்னும் கோபம் ஆறாத,
அம்மா

அண்ணா, முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் முகத்தைத் தூக்காமலே, வாயு கரையுறதுக்குள்ள புள்ள தவழ ஆரம்பிச்சுடுமே என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைத் திருப்பிக் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார். பிறகு, அப்பாவுக்கு வெளிச்சம் கூசுகிறது என்று எழுந்து போய் விளக்குகளை அணைத்துவிட்டார்.