ஜீனத் வீட்டுக் கரண்ட் போன சனிக்கிழமை

மரியே வாழ்க

பொன்மலைப்பட்டி,
திங்கட்கிழமை காலை

என் அன்பு மகள் லின்சிக்கும் மருமகப்பிள்ளை ஆஷ்லிக்கும் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், அம்மா சுகம், மழை ஆரம்பித்ததிலிருந்து கொசுவும் படு சுகம். ஆக்லாந்தில் நீங்கள் இருவரும் நன்றாயிருக்க வேண்டுமென்று அம்மா தினமும் செபமாலை சொல்லும்போது தனியாக ஒரு மன்றாட்டு சேர்த்துக்கொள்கிறாள், அதனால் உங்களுக்குக் குறை ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், மீதியைச் சொல்ல விடமாட்டாய். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்றும் கேட்காதே. அம்மா படித்துப் பார்க்காமல் எந்தக் கடிதமும் இந்த வீட்டிலிருந்து தபாலுக்குப் போகாது என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

முதலில் அம்மாவின் கண். இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது, இனி மோசமாகாது, சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் போன பார்வை திரும்பி வராதாம். பெரிய எழுத்து தெரிகிறது, சின்ன எழுத்து நடுவில் அழிந்துபோகிறது. போன், டேப்லெட் என்று வெளிச்சமாக எதைக் காட்டினாலும் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அதனால்தான் கோவில் பூசையில் பைபிள் படிக்க அவள் முறை வரும்போதெல்லாம் வாசகத்தை நான் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து, கடைப் பலகை போலப் பெரிய எழுத்தாக்கி, பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தத் தாளை வாசகப் புத்தகத்தின் மேல் வைத்துப் படிக்க ஃபாதரும் சரி என்றுவிட்டார். ஒரு தடவை கையால் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். கண் நன்றாயிருந்த காலத்திலேயே உங்கள் எழுத்தைப் படித்ததில்லை, இப்போது எங்கே படிப்பது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நேற்று நம் பங்குத் திருவிழா. நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து திருவிழாப் பூசையின் முதல் வாசகம் உன் அம்மாவுடையதுதான். கொடியேற்றிய மறுநாளே அவளுடைய வாசகத்தை அடித்துத் தயாராக வைத்துவிட்டேன், பிரின்ட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து இந்தக் கம்ப்யூட்டர் யாரைக் கேட்டதோ, தானாகவே அப்டேட் ஆகிறேன், அணைக்காதே என்று நீலத் திரையில் எழுதிவிட்டுக் காலை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் வெள்ளையடித்த வீட்டில் நாற்காலி இடம் மாறிக் கிடப்பது போல எல்லாம் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தது. சரி போகட்டும் என்று பிரின்ட் கொடுத்தேன். பிரின்டர் ஆஃப்லைன் என்று வந்தது. பிரின்டர் பச்சை விளக்கோடு என் முழங்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்கிறது. அணைத்துப் போட்டேன், மறுபடி பிரின்ட் கொடுத்தேன். கரண்ட் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன், மறுபடி கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை, கோபம் வந்தபோது இன்னொரு தடவை என்று அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். உன்னைக் கூப்பிட்டபோது நீயும் தூக்கக் கலக்கத்தில், "அப்பா, ரெண்டும் ஒரே வைஃபைல இருக்கா பாருங்க" என்றாய். பார்த்தேன். வைஃபை சிக்னல் கோடு முழுசாக இருந்தது, நெட்டும் நன்றாக ஓடியது, இருக்கு என்று சொல்லிவிட்டேன். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

உனக்குத் தெரியும், நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வளர்ந்தவன். எங்கள் கணக்கில் மிஷின் நின்றால் முதலில் கழற்ற வேண்டும், யோசிப்பதெல்லாம் பிறகு. ஹாலில் பழைய பெட்ஷீட்டை விரித்துப் பிரின்டரைப் பிரித்துப் போட்டேன். ரோலரைத் துடைத்தேன், உள்ளே அம்மாவின் கொண்டை ஊசி ஒன்று கிடைத்தது. மறுபடி மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது, அதைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வாள். அப்படியும் ஓடாததால் ஸ்ரீரங்கத்தில் நம் பீமராவுக்குப் போன் போட்டேன். என்னோடு டீசல் ஷாப்பில் இருந்தவன், உன் கல்யாணத்தில் பந்தி விசாரணை செய்தானே அவன்தான். இங்க கொண்டு வா ஸ்டீபன், என் கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்த்துடலாம் என்றான். பிரின்டரை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். காவேரிப் பாலத்தில் ஒரு அம்மா, பெட்டியில என்னங்க, கோழியா என்று கேட்டாள். பீமராவ் வீட்டில் கேபிளை மாட்டியதும் சமர்த்தாக ஓடியது. அவன் வீட்டு வரி ரசீதைக்கூடக் கறுப்புக் கறுப்பாக அச்சடித்துக் கொடுத்தது. அவன் மனைவி காபி கொடுத்தாள், நாங்கள் இருவரும் வெற்றிக் களிப்பில் பழைய ஃபோர்மனைப் பற்றியெல்லாம் பேசினோம். நான் கிளம்பும்போதுதான் அவன் கேட்டான், "அதான் ஓடுதே, வாசகத்தை இங்கேயே எடுத்துட்டுப் போயேன்" என்று. பிரின்டரைத் தூக்கிக்கொண்டு போனவன் வாசகத்தை எடுத்துப் போகவில்லை. கல்யாணத்துக்குப் போனவன் தாலியை வீட்டில் வைத்துவிட்டுப் போன கதைதான். நம்மிடம் கேபிள் ஏது, வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்தால் வைஃபையில் மறுபடியும் ஊமை. கடைவீதி ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவில் கொண்டு போயும் பார்த்தேன். நான் இன்னும் ஆபீஸ் காலத்துப் பழைய தமிழ் ஃபான்ட்டில்தானே அடிக்கிறேன், அது அவர்களிடம் இல்லை, வாசகம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் கட்டமுமாக வந்தது.

இந்த வாரம் முழுக்க அம்மா என்னைத் திட்டவே இல்லை லின்சி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே, "விடுங்க, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா ஃபாதர்கிட்ட சொல்லிடறேன், இளைஞர் மன்றத்துப் பிள்ளைங்க யாராவது படிக்கட்டும், எல்லாத்துக்கும் ஒரு காலம் இருக்கில்ல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் நாற்பது வருஷம் கூட இருந்தவனுக்குத் தெரியாதா? இந்த வருஷம் விட்டுக்கொடுத்தால் அடுத்த வருஷம் அவள் அந்தப் பீடத்துப் படியில் ஏறமாட்டாள். கண் போனதைவிட அது பெரிய நஷ்டம். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டியத்திலிருந்து உன் பிலோமின்ராஜ் மாமா திருவிழாவுக்கென்று அனுப்பிய பூவன் தாரிலிருந்து இரண்டு பழம் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா ஃபாதரைப் பார்க்கப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் தோற்றுப்போனவன் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மழையில் எங்கேயோ படார் என்று ஒரு சத்தம் கேட்டது, ஆனால் நம் வீட்டு ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரும் தொடாமலே பிரின்டர் ஒரு செருமல் செருமித் தாளை உள்ளே இழுத்தது. அம்மா பாதிப் புடவையோடு ஓடி வந்தாள். முதல் தாளில் வாசகத்தின் முதல் வரி, பெரிய எழுத்தில், ஒரு பொட்டுக்கூடக் குறையாமல். என் ரிப்பேர்தான் ஒரு வழியாக வேலை செய்திருக்கிறது என்று நான் கையை உயர்த்தினேன். வாசகம் முழுசாக வந்து முடிந்தது. முடிந்ததும் மறுபடி முதல் தாள். வாரம் முழுக்க நான் அழுத்திய அழுத்தலெல்லாம் வரிசையில் நின்றுகொண்டிருந்ததாம், ஒன்றுவிடாமல் வர ஆரம்பித்தது. தாள் தீர்ந்தால் நிற்கும் என்று பார்த்தேன், அன்று காலையில்தான் ஒரு கட்டைப் பிரித்துத் தட்டு நிறைய வைத்திருந்தேன். "ஏங்க, இது நிக்கவே நிக்காதா, பேப்பரு என்ன மரத்துல காய்க்குதா" என்று அம்மா கத்துகிறாள். அந்தச் சமயத்தில் மாடி வீட்டு ஜீனத் வாசலில் வந்து, "அங்கிள், எங்க ஃபேஸ் மட்டும் போயிடுச்சு, உங்க வீட்ல கரண்ட் இருக்கா" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் பார்த்தேன், நீ வைத்துக் கொடுத்துவிட்டுப் போன 'லின்சி ஹோம்' என்ற பெயர் இருந்தது.

நடந்தது இதுதான். கோடையில் நம் நெட் படுத்துக்கொண்டபோது ஜீனத் தன் வைஃபையைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள், அவள் மகன் ஜைத் பெயரில் இருக்கும். அப்டேட் ஆனதும் இந்தக் கம்ப்யூட்டர் நம் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு மாடி வைஃபையில் போய் உட்கார்ந்துகொண்டது. பிரின்டர் பாவம், நம் வீட்டு வைஃபையிலேயே காத்திருந்தது. ஒரே மேஜையில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. ஜீனத் வீட்டில் கரண்ட் போனதும் அவள் வைஃபை செத்தது, கம்ப்யூட்டர் வேறு போக்கில்லாமல் நம் வீட்டுக்கே திரும்பிவிட்டது. நீ முதல் நாள் கேட்ட ஒரே கேள்விதான் விடை. இதற்காகத்தான் நான் பிரின்டரைப் பிரித்தேன், காவேரியைக் கடந்தேன். சிரித்துக்கொள். ஜைத் வைஃபையைக் கம்ப்யூட்டரிலிருந்து இப்போது எடுத்துவிட்டேன். அது என்ன கேட்கிறது தெரியுமா, இதை மறந்துவிடவா என்கிறது. அம்மா பக்கத்திலிருந்து, நெட்டை மறங்க, பெருநாள் பிரியாணியை மறந்துடாதீங்க என்றாள். அவ்வளவு நல்ல மனநிலையில் இருந்தாள்.

மிஞ்சிய பிரதிகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வாசகமாகப் பின் அடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நேற்று அம்மா பீடத்துப் பக்கம் போனதும் முதல் பெஞ்சில் உட்காரும் ரோசரி அக்காவிடம் கொடுத்து அந்த வரிசை முழுக்கக் கொடுக்கச் சொன்னேன், எல்லோரும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள். அம்மா பச்சைப் பட்டுப் புடவையில் படியேறி நின்று ஆரம்பித்தாள். குரல் அப்படியே இருக்கிறது லின்சி, மைக்கே வேண்டாம். பாதியில் ஒரு இடத்தில் நிமிர்ந்தாள், நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வரி தவறிவிட்டது என்று நினைத்தேன். அப்போது ரோசரி அக்கா கையில் இருந்த தாளைப் பார்த்து அடுத்த வார்த்தையை மெதுவாகச் சொன்னார்கள், அந்த வரிசை மொத்தமும் கூடவே சொன்னது. அம்மா அங்கிருந்து எடுத்துக்கொண்டு கடைசி வரை தடுமாறாமல் படித்து முடித்தாள். பூசை முடிந்ததும் ரோசரி அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனையோ வருஷமா காதால மட்டும்தான் கேட்டேன் பேட்ரிசியா, இன்னைக்குத்தான் நானும் படிச்சேன், வாரா வாரம் எங்களுக்கும் இந்த மாதிரி தருவியா" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா தருகிறேன் என்றுவிட்டாள். அடிப்பது யார், பிரின்ட் எடுப்பது யார் என்று கேட்கக்கூட இல்லை. அதோடு விட்டாளா, ஃபாதரிடம் போய்க் கிறிஸ்துமஸ் வாசகத்துக்கும் தன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆஷ்லியை ராத்திரியில் வண்டி ஓட்டும்போது நிதானமாகப் போகச் சொல். நீ காலையில் வெறும் காபியோடு ஓடாதே, இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும், அங்கேதான் மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது என்றாயே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெரிய எழுத்துக்குத் தோதான தடித்த தாள் இரண்டு கட்டு கொண்டு வா, இங்கே கிடைப்பது மழைக் காற்றில் வளைகிறது. நேற்றைய வாசகத்தில் ஒரு பிரதி உனக்கும் இதோடு வைத்திருக்கிறேன். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, மாதா கூடவே இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்டீபன்ராஜ்

லின்சி, இது அம்மா, என் கையாலேயே எழுதுகிறேன், வரி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அப்பா எழுதியது எல்லாவற்றையும் படித்துவிட்டேன், ஸ்க்ரூ சங்கதி உட்பட. ஒன்று மட்டும் தப்பு. நான் நின்றது கண்ணால் இல்லை. நிமிர்ந்தபோது முதல் பெஞ்சில் எல்லோர் கையிலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது, அது என்ன தாள், கொடுத்தது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் கொஞ்ச நேரம் குரல் வரவில்லை. அப்பாவிடம் சொல்லாதே.