டேஷ்போர்டில் கிடந்த பெட்டி

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உன் அம்மாவும் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் சிரித்து மழுப்புவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு நாள் தள்ளிப்போய் ஒன்பது நாளாகிறது.

முதலில் அத்தை மேல்தான் சந்தேகம். மாசாமாசம் காலண்டரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறவர். நேற்று, “இன்னும் தலைக்கு ஊத்தலையா கண்ணு?” என்றார். அவர் என்னைக் கண்ணு என்றாலே பின்னால் ஏதோ கணக்கு இருக்கும். பேரப்பிள்ளை ஆசையில் ஊசி கீசியால் ஓட்டை போட்டுவிட்டாரோ என்று நீ விட்டுப்போன ஆணுறைகளை ஒவ்வொரு பாக்கெட்டாக அமுக்கிப் பார்த்தேன். காற்று இறங்கவில்லை. தேதியும் இரண்டு வருஷம் பாக்கி. பாவம், வீண்பழி.

பிறகு ஒன்றைப் பிரித்து இழுத்தேன். பழைய பலூன் மாதிரி பிய்ந்து கையோடு வந்தது. நான் கிளவுஸ் கம்பெனியில் நாள் முழுக்க ஓட்டை பார்க்கிறவள், மாமா. வெயில் படும் ஜன்னலோரம் கிடந்த கையுறை இப்படித்தான் ஆகும். சூடும் எண்ணெயும் ரப்பருக்கு எமன். போன லீவில் இந்தப் பெட்டியை எங்கிருந்து எடுத்து வந்தாய்? லாரி டேஷ்போர்டிலிருந்து. கோடை முழுக்க அங்கேதான் கிடந்தது.

தெரியாமல் வைத்திருப்பாய் என்று மனசை ஆற்றிக்கொண்டேன். அப்போது பார்த்து சாக்லேட் ஞாபகம் வந்து தொலைத்தது. எனக்கு வாங்கியதை அதே டேஷ்போர்டிலிருந்து எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தாயே. “அங்க வெச்சா எல்லாம் வீணாப்போயிடும்டி” என்று நீதான் சொன்னாய். எல்லாம் என்றால் எதெல்லாம்?

பத்தாவதைப் பாதியில் விட்டேன், இரண்டு வேலையைப் பாதியில் விட்டேன். அடுத்த மாசம் மிஷின் டிரெயினிங்கில் என் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். இதையாவது முடிக்கணும். பிள்ளையே வேண்டாம் என்றா சொன்னேன்? இப்போது வேண்டாம் என்றேன். நீயும் தலையாட்டினாய்.

காலையில் டெஸ்ட் பண்ணினேன். ஒரு கோடுதான். இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு மறுபடி பண்ணச் சொன்னார் ஆஸ்பத்திரி நர்ஸ். கிழிந்தது அன்றைக்கே தெரிந்திருந்தால் மூன்று நாளுக்குள் மாத்திரை போட்டிருக்கலாமாம். இல்லை என்று உறுதியானால் காப்பர்-டி போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி உன் டேஷ்போர்டை நம்பி நான் இல்லை.

வண்டியை நிதானமாக ஓட்டு. பதிலை மட்டும் ரொம்ப யோசிக்காமல் எழுது. மறந்துபோய் வைத்துவிட்டேன் என்று எழுதினால் நம்பிவிடுவேன். அது நிஜமாகவும் இருக்கட்டும், மாமா.

உன்
சண்டைக்காரி