மந்திரியும் முயல் வயிற்றுச் சவ்வரிசியும்

மாசி 9, புதன்

மாட்சிமை தங்கிய குறிப்பேட்டிற்கு வணக்கம். கடந்த ஒன்பது நாட்களாக ஒரு வரியேனும் எழுதாது காலம் தாழ்த்தியமைக்குப் பெரிதும் வருந்துகிறேன். காரணங்கள்: (1) வயல் வெட்டுக்காரருக்குச் சோறு சமைத்தல். (2) மை வற்றிவிட்டமை. (3) சோம்பல். மூன்றாவதே முதன்மையானது.

காலையில் பனி, பின்னர் நல்ல வெயில். முற்றம் மெழுகியாயிற்று.

கணவரின் தம்பி சின்னத்தம்பி (இனிச் சி.த.) கரடியனாற்றுப் பக்கத்து வயல் வட்டையிலிருந்து வந்தார். கையில் மூன்று முயல். கண்ணியும் இல்லை, நாயும் இல்லை. பற்றைப் புதருக்குள் கைவிட்டே பிடித்தாராம்.

"ஓடவே இல்ல மச்சாள். என்னப் பாத்துக்கொண்டே நிண்டிச்சு."

"உன்ர அழகில மயங்கியிருக்கும்" என்றார் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்கா (இனிப் பொ.).

மெலிந்த முயல்கள். வயிற்றைக் கிழித்தபோது குடலைச் சுற்றியும் ஈரலின் ஓரத்திலும் வேகவைத்த சவ்வரிசி போன்ற நீர்மணிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. எண்ணத் தொடங்கி நாற்பதில் நிறுத்தினேன்.

கணவர் எட்டிப் பார்த்தார். "எனக்குப் பருப்புக் காணும், இது வேணாம்." எழுந்து போய்விட்டார்.

மனிதர் உண்ணலாகாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எழுந்த வினா: எங்கள் கீரிக்குக் கொடுக்கலாமா?

கீரியின் பெயர் மந்திரி. சென்ற ஆண்டு நெல் மூட்டைகளுக்கிடையே நாகம் ஒன்றை முடித்தவர். அன்று முதல் அவரை மரியாதைப் பன்மையிலேயே குறிப்பது என் வழக்கம். அவர் ஏற்கெனவே என் சேலை ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்று பின்வருமாறு உரைத்தேன்: "பாம்போடு பொருதிய கீரி காட்டு வேரைத் தின்று நஞ்சையே முறித்துக்கொள்ளும். நஞ்சை வெல்லும் உடலுக்கு முயலின் நோய் ஒரு பொருட்டாகுமா?"

எவரும் மறுக்கவில்லை. மறுக்கமாட்டார்கள். பள்ளிக்கூடப் படியை நான் மிதித்ததில்லை. சாமான் சுற்றிவந்த கடதாசிகளில் எழுத்தைக் கூட்டிக் கூட்டிக் கற்றவள். ஆயினும் எங்கள் ஊராகிய கிரானில், அரசாங்க அலுவலகமாகிய கச்சேரிக்கு மனு எழுதவேண்டுமென்றால் என் வாசலுக்கே வருவர். எழுத்தம்மா என்பது ஊர் எனக்குத் தந்த பட்டம்.

பொ. சொன்னார்: "எழுத்தம்மா சொன்னாச் சரிதான். எனக்கும் ஒண்டு தாகா. என்ர நாய்க்குப் போடுறன்."

நாய் வேர் தின்பதில்லை என்பது அப்போதே நினைவுக்கு வந்தது. ஆனால் வாக்கியம் மிக நன்றாக அமைந்துவிட்டது. திருத்த மனம் வரவில்லை.

மாசி 10, வியாழன்

வெயில். காற்று இல்லை.

மந்திரி ஒரு முயலை முழுதாக முடித்தார். சவ்வரிசியை முதலில். பின் என் பாயில் மல்லாந்து உறக்கம். வயிறு சிறு சுரைக்காய்.

மதியக் கறி: வாவி இறால், முருங்கைக்காயோடு. உப்புச் சற்றுக் கூடியது. கணவர் மூன்று செம்பு தண்ணீர் குடித்தார்.

பிற்பகலில் ஒரு மனு, வாய்க்கால் அடைப்புப் பற்றி. "ஆகையினால்" என்ற சொல் ஐந்து தடவை வந்துவிட்டது. இரண்டை வெட்டினேன்.

மாசி 12, சனி

ஏறாவூரிலிருந்து புடவை கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி வந்தார்; காக்கா என்றே அழைப்போம். பிளேன்டீ கொடுத்தேன். மந்திரி மூட்டைக்குள் தலையை நுழைத்து ஒவ்வொரு புடவையையும் முகர்ந்தார். "உங்கட வீட்டில இவருக்குத்தான் துணி தெரியும்" என்றார் காக்கா. பேச்சு முயலுக்குத் திரும்பியது. சவ்வரிசி என்றதும் அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அத உள்ளுக்குக் குடுத்தீங்களா புள்ள? எங்கட மாமாட பூனை இப்பிடித்தான் முயல்ர குடலத் திண்டிச்சு. ஒண்டரை மாசம் கழிச்சுப் பாத்தா, பின்னால நாடாப் புழு. இந்தா, இந்தளவு." மூட்டையிலிருந்து வெள்ளை நாடாவை முழங்கை நீளத்துக்கு இழுத்துக் காட்டினார்.

"பூனை வேறு, கீரி வேறு" என்றேன். நஞ்சு, வேர், வெல்லும் உடல் என்று முழு வாக்கியத்தையும் மீண்டும் சொன்னேன்.

காக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு: "பாம்பு நஞ்சு உயிரில்லாத சாமான் புள்ள. இது உயிருள்ள சாமான். நஞ்சு உள்ளுக்குப் போய்க் குட்டி போடுமா?"

இன்னொரு பிளேன்டீ கொடுத்து விவாதத்தை முடித்துவைத்தேன்.

அவர் போனபின் நெடுநேரம் கோபம். சரியான கேள்வியைக் கேட்டவர் மீது கோபம் நியாயமன்று. ஆயினும் கோபம்.

மாசி 13, ஞாயிறு

மேகமூட்டம்.

சி.த. மேலும் இரண்டு முயலுடன். பிடித்தது இதுவரை ஏழாம். எங்கள் வீட்டுக்கு வந்தவை போக மிகுதியெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"தங்கம் வீட்டு நாய்க்கு, கோயிலடிப் பக்கம் ரெண்டு நாய்க்கு, ஒரு பூனைக்கு. மச்சாள் சொன்னவ, ஒண்டும் செய்யாது எண்டு குடுத்தன். எல்லாருக்கும் நல்ல சந்தோசம்."

பொ.வின் நாயையும் சேர்த்தால் நான்கு நாய், ஒரு பூனை, ஒரு மந்திரி. எல்லாம் என் ஒரு வாக்கியத்தால்.

வெள்ளைப் பீங்கான் தட்டில் இளஞ்சூட்டு நீர் ஊற்றி, புது முயலின் மணிகள் ஆறினை இட்டேன். கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கினேன்.

"நான் எதால பாக்கிறது?"

"நீங்கள் சற்று நேரம் பாராமல் இருங்கள்" என்றேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பின்னர் ஒரு மணியின் வெள்ளைப் புள்ளி சுருங்கியது. நீண்டது. மீண்டும் சுருங்கியது. நீர் அசைகிறதோ என்று மூச்சை அடக்கிப் பார்த்தேன். நீர் அசையவில்லை.

கணவர் கண்ணாடியைத் திரும்ப வாங்கித் தாமும் பார்த்தார். "ஓம், அசையுதுதான்" என்றார்.

கொதிநீர் ஊற்றினேன். மணிகள் வெளுத்து இறுகின. அதன்பின் அசைவு இல்லை.

முடிவு: உயிருள்ள சாமான். காக்கா சொன்னது சரி. நான் சொன்னது பிழை. (இவ்வரியை எழுத அரை மணி நேரம் ஆயிற்று.)

மாசி 14, திங்கள்

கிணற்றடிக்குக் காலையிலேயே சென்றேன். பெண்கள் கூடுமிடம் அது. மூன்று பகுதிகளாக ஓர் உரை ஆயத்தம் செய்திருந்தேன்: முகவுரை, விளக்கம், வேண்டுகோள். முகவுரை தொடங்குமுன் பொ. வாளியைக் கீழே வைத்தார்.

"என்னகா, முகம் பேயறைஞ்ச மாதிரி?"

உரை மறந்துவிட்டது. "முயல் பற்றி நான் சொன்னது பிழை" என்றேன். அவ்வளவுதான்.

தங்கம் கப்பிக் கயிற்றைப் பாதி இழுத்தபடியே நின்றாள்.

அவள்தான் தொடங்கினாள்: "எழுத்தம்மாவும் பிழை விடுவாவா? அப்ப மனு எழுதவும் வேற ஆளப் பாப்பம்."

சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

பொ. திரும்பினார். "கச்சேரிக்கு மனு எழுதுறது இவதானேடி. முயல்ர வயித்துக்குள்ள கச்சேரியா கிடக்கு?"

இம்முறை சிரிப்பு இன்னும் பெரிது, நானும் சேர்ந்துகொண்டேன். தங்கம் என் குடத்தைத் தானே நிரப்பித் தந்தாள்.

அதன்பின் விளக்கம் சொன்னேன், தட்டில் கண்டது முழுவதும். இனிக் குடலும் ஈரலும் எந்தப் பிராணிக்கும் இல்லை, எரித்துவிடுவது. இறைச்சி கொடுப்பதாயின் நன்றாகக் கொதித்தபின். மெலிந்து ஓடாமல் நிற்கும் முயலைப் பிடிப்பதே வேண்டாம்.

"அப்ப கொழுத்து ஓடுற முயல்?" என்றாள் ஒருத்தி.

"அத சின்னத்தம்பியால பிடிக்கேலாது" என்றார் பொ.

மாசி 15, செவ்வாய்

வெயில். மந்திரி நலம். மயிர் பளபளப்பு. கோழிக்குஞ்சைத் துரத்தி ஏச்சு வாங்கினார். ஆனால் காக்கா சொன்னது ஒன்றரை மாதக் கதை. உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாது.

பொ. ஒரு வழி சொன்னார். நாயின் நாடாப் புழுவுக்குக் கொட்டைப்பாக்கை இடித்துப் பாலில் கொடுப்பார்களாம், அவருடைய தகப்பன் செய்தாராம். எவ்வளவு?

"ஒரு கை."

யாருடைய கை, எவ்வளவு பெரிய நாய் என்பது தெரியாது. கூடினால்? "கூடினா நாய் விழுந்துரும். ஒண்டு விழுந்தது." இதை வெகு சாதாரணமாகச் சொன்னார்.

மந்திரியின் பாரம் அறிய வேண்டியதாயிற்று. தராசுத் தட்டில் அமர மறுத்தார். சி.த. சாக்கில் போட்டார். சாக்கிலிருந்து சி.த.வின் பெருவிரல் இரத்தத்தோடு வெளிவந்தது.

"கடிச்சிட்டார் மச்சாள்! நீங்க மரியாத குடுத்துக் குடுத்துத்தான் இப்பிடி!"

இறுதியில் சாக்கோடு தராசில் வைத்தோம்; எதிர்த்தட்டில் கொத்துப் படியால் அளந்த இரண்டு கொத்து நெல். சற்றுக் கூடுதல்.

மதியத்துக்குள் மற்ற வீட்டாரும் பாக்கை இடித்துவிட்டனர். எவ்வளவு கொடுப்பது என்று என்னிடமே கேட்டு வந்தார்கள். ஏதாவது ஓர் அளவைச் சொல்லியிருக்கலாம், நல்ல வாக்கியமாக. நாக்கு நுனிவரை வந்தது. "எனக்குத் தெரியாது" என்றேன். தங்கம் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். போகவில்லை, உட்கார்ந்துகொண்டாள்.

மாசி 16, புதன்

சி.த. காலை ரயிலில் புளியந்தீவுப் பட்டணம் போகிறார். மாடுகளைப் பார்க்கும் அரசாங்க வைத்தியரிடம் நேரில் கொடுக்கக் கடிதம். அதன் பிரதி:

ஐயா,

முன் அறிமுகமில்லாத நான் தங்களுக்கு எழுதத் துணிந்தமையைப் பொறுத்தருள்க. நோயுற்ற காட்டு முயலைப் பச்சையாகக் கீரிக்குக் கொடுக்கலாம் என்று ஊருக்குச் சொன்னவள் நான். முயலின் வயிற்றில் நீர்மணிகள் இருந்தன. அவை உயிருள்ளவை என்பதைப் பின்னரே கண்டேன். இப்போது ஒரு கீரியும் நான்கு நாய்களும் ஒரு பூனையும் அவற்றைத் தின்றுள்ளன. எல்லாம் இன்றுவரை நலம்.

கேட்பது இவ்வளவே. புழு வளருமுன் கொட்டைப்பாக்குக் கொடுக்கலாமா, கூடாதா? கொடுக்கலாமெனில் இரண்டு கொத்து நெல்லின் பாரமுள்ள கீரிக்கு எவ்வளவு? நாய்க்கு எவ்வளவு, பூனைக்கு எவ்வளவு? வேறு மருந்து உண்டெனில் அதன் பெயர்.

ஐந்து வீடுகளில் பாக்கு இடித்து வைத்தபடி இருக்கிறது. ஒருவரும் கொடுக்கவில்லை. என் சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். என்னிடம் சொல் இல்லை. இதைக் கொண்டுவருபவர் மாலை ரயிலில் திரும்புவார். அவர் கையிலேயே பதில் தாருங்கள்.