மணி ஒன்று அடித்தால் இலை

என் ஆசை அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் மணி அடிக்குமா? அடித்தாலும் அடிக்காவிட்டாலும் நீ நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுக்கும் சீரகமும் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீரை அங்கேயும் நாலு பேரை மடக்கிப் பிடித்துக் குடிக்க வைத்திருப்பாய். பாவம் அவர்கள்.

இங்கே எல்லாரும் சுகம். சாலைக்கடைத் தெருவில் இந்த வருஷம் மழை கொஞ்சம் கூடுதல். நம் கடையில் அரிசி மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். உனக்கு எழுதுகிற கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன் என்றதும் உன் கொழுந்தனார், அதுதான் என் வீட்டுக்காரர், "ஊர் சிரிக்குமே கோமதி" என்றார். சிரிக்கட்டும், சிரிப்பு உடம்புக்கு நல்லது என்று நீதானே சொல்வாய்?

நான் ஓரகத்தியாக இந்த மலையாளத்து ஊருக்கு வந்த புதிதில் உன்னைக் கண்டால் எனக்கு நடுக்கம். நீ மூத்த மருமகள், நான் இளையவள். திருநெல்வேலியில் ஆற்றங்கரையில் பிறந்தும் நீந்தத் தெரியாது என்று நான் சொன்னதற்கு, என்னை ஏதோ கை கால் இல்லாதவளைப் போலப் பார்த்தாயே! மறுநாள் விடியுமுன் எழுப்பிக் குளத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். முற்றிக் காய்ந்த தேங்காய் இரண்டை மட்டையோடு சேர்த்துக் கட்டி, என் இடுப்பில் மாட்டித் தண்ணீரில் தள்ளினாய். நான் போட்ட கூச்சலில் அக்கரையில் குளித்துக்கொண்டிருந்த மலையாளத்துப் பெண்கள் துணி துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். "சாகமாட்ட, காலை அடிட்டி!" என்று படியில் நின்று சிரித்தாய். அன்றோடு உன்னை 'நீங்கள்' என்று சொல்வது எனக்கு மறந்துபோயிற்று.

ஆனால் நீ செய்த பெரிய காரியம் நீச்சல் இல்லை. அது சோறு.

நம் வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் கடையிலிருந்து வந்து சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்களுக்கு இலை. அவர்கள் வியாபாரம் ஓய்ந்தால் வருவார்கள், ஓயாவிட்டால் வரமாட்டார்கள். சில நாள் பொழுது சாயும்போது ஆறிப்போன சோற்றையும் அடியில் மிஞ்சிய குழம்பையும் போட்டுக்கொண்டு நாங்கள் உட்காருவோம். காலையில் குடித்த கஞ்சிதான் அதுவரைக்கும். அதற்குப் பேர் பொறுமை, அடக்கம், இன்னும் என்னென்னவோ. நான் ஒருநாள் ஆட்டுக்கல்லில் மாவரைத்துக்கொண்டே மயங்கிச் சரிந்தபோது கூட அத்தை, "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்றுதான் சொன்னார்கள்.

நீ சுற்றிப் போடவில்லை. மறுநாள் கோட்டை வாசல் கடிகாரத்தில் மணி ஒன்று அடித்ததும் மூன்று இலை போட்டாய். அந்தக் கடிகாரத்தை நாம் எத்தனை தரம் அண்ணாந்து பார்த்திருப்போம்! தாடிக்கார முகம் வாயைப் பிளக்க, இரண்டு ஆட்டுக்கடாக்கள் ஓடிவந்து கன்னத்தில் முட்டுமே. "தாடிக்காரன் ஒரு முட்டு வாங்கினா நமக்கு எல" என்றாய். ஆண்களுக்கு உள்ளதைத் தனியே அடுப்போரம் சூடாக எடுத்து வைத்துவிட்டு, எங்களை உட்காரச் சொன்னாய். நாங்கள் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் நீ உட்காருவாய். கடைசி ஆள் இலை முன்னால் உட்காரும் வரை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கரண்டியும் கையுமாக நிற்பாய்.

அத்தை இரண்டு நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றாம் நாள் பருப்பு வாசனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. எத்தனை வருஷம் அக்கா, அந்த ஒரு மணிச் சோறு! சூடாகத் தின்றோம், மென்று தின்றோம், வாய் ஓயாமல் பேசினோம். எனக்குத் தலைசுற்றல் நின்றது. கர்க்கடக மாதம், அதுதான் நம் ஆடி, பிறந்தால் பக்கத்து வீட்டுத் தேவகியம்மாவிடம் மருந்து வாங்கி நீ காய்ச்சும் கசப்புக் கஞ்சி ஒன்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு நீ ஒரு காய்ச்சலில் படுத்தாய். படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

தெருவில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "வெந்நி குடிச்சா, நீச்சலடிச்சா, மணி பாத்துத் தின்னா. என்னத்தக் கண்டா? நமக்கு முன்னால போயிட்டால்லா?" என்றார்கள். நீ எங்களை விட்டுப் போன வாரத்தில் மணி ஒன்று அடித்தபோது, உன் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். மறுநாளும் இலை போடக் கை வரவில்லை. அப்படியே பழைய வழக்கம் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்களுக்கென்ன, கிடந்துபோவோம். உன் மருமகள் பகவதிதான் அகப்பட்டுக்கொண்டாள். உன் மகன் சங்கரனுக்கு நீ பார்த்துப் பார்த்துக் கட்டிவைத்த பெண். அவள் வயிற்றில் உன் பேரப்பிள்ளை. புருஷன் கடையிலிருந்து வரும்வரை காத்திருந்து, காத்திருந்து, அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. உதட்டில் இரத்தமே இல்லை. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கொச்சுப் பெண்ணுக்கு நேரத்துக்கு ஆகாரம் குடுக்கறதில்லையா?" என்று கேட்டாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும்தான்.

அப்போதுதான் உன் வருஷத் திதி வந்தது.

நல்ல கர்க்கடக மழை. கிணற்றடிக் கல்லில் உனக்குப் படையல் வைத்தாயிற்று. சோறு, பருப்பு, தண்டுக்கீரை, அத்தையின் பிடிவாதத்தில் ஒரு வடை. காக்கை எடுத்த பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் ஏதும் வைக்கலாம். அத்தான் குடையைப் பிடித்துக்கொண்டு "கா... கா..." என்று தொண்டை வறளக் கூப்பிட்டார். உன் புருஷனுக்கு இருக்கிற குரல்தான் உனக்குத் தெரியுமே. ஒரு காக்கையைக் காணோம்.

மதிலுக்கு மேலே தேவகியம்மாவின் தலை எட்டிப் பார்த்தது. "கை நனச்சுக் கொட்டணம், பிள்ளே! வெறுதே காகான்னு விளிச்சா வருமோ?"

அத்தான் கையை நனைத்துத் தட்டினார். உன் கொழுந்தனார் தமிழில் கூப்பிட்டார். சங்கரன் மலையாளத்தில் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ்தான் பாக்கி. மழைதான் வந்தது.

பகவதி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவளும் பட்டினி. "ஒரு வாய் கஞ்சியாவது குடிக்கட்டுமே" என்றேன். "காக்கா எடுக்காம இன்னைக்கு ஒருத்தரும் பச்சத் தண்ணி குடிக்கப்படாது" என்றார்கள் அத்தை. பெண்ணின் கை நிலையை விட்டு நழுவியது. நான் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கோட்டை வாசலில் மணி ஒன்று அடித்தது.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. பகவதியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இலையை எடுத்துத் தரையில் விரித்தேன்.

"ஏட்டி கோமதி! ஒனக்கென்ன கிறுக்கு புடிச்சிருக்கா?"

"ஆமா அத்த, புடிச்சிருக்கு. ஒங்க மூத்த மருமவ என்னைக்காவது மணி ஒண்ணு தாண்டி நம்மளப் பட்டினி போட்டிருக்காளா? அவ பேரச் சொல்லிப் புள்ளத்தாச்சியப் பட்டினி போட்டா அவ எப்படி வருவா? எட்டியே பாக்கமாட்டா!"

அத்தையிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அத்தான் என்னிடம் நேரே பேசுகிறவர் இல்லையே. கிணற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, புள்ளைக்குச் சோறு போடச் சொல்லுங்க. அவ இருந்தா இந்நேரம் என்னையவே வைதிருப்பா."

பகவதி இலைமுன் உட்கார்ந்தாள். ஆனால் கையை நனைக்கவில்லை. "சின்னத்தையும் இருங்க. நான் ஒத்தைக்குத் தின்னமாட்டேன்." அப்படியே உன் பிடிவாதம், அக்கா. நானும் ஒரு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை முணுமுணுத்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள், கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது இலைக்கு முன்னால் மெல்ல உட்கார்ந்தார்கள்.

"வந்தாச்சு! வந்தாச்சு!" என்று கிணற்றடியிலிருந்து சங்கரன் கத்தினான்.

நனைந்து தொப்பலான ஒரு காக்கை. கல்லில் இறங்கி, தலையைச் சாய்த்து அடுக்களைக்குள் பார்த்தது. சோற்றை எடுத்தது. கீரையைக் கொத்திக் கொத்தித் தின்றது. வடையைத் தொடவில்லை! எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று நீ எங்களை எத்தனை பாடுபடுத்தியிருப்பாய்? தேவகியம்மா மதிலுக்கு அப்பாலிருந்து சிரித்த சிரிப்பு சாலை முனைவரை கேட்டிருக்கும்.

அத்தை கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "நாம உக்காரட்டும்னுல்லா நின்னிருக்கா, பாவி" என்றார்கள். பிறகு அழுதார்கள். நாங்களும் அழுதோம், சிரித்தோம், வயிறு முட்டச் சாப்பிட்டோம். அந்த வடையை உன் கொழுந்தனார் தின்றுவிட்டார்.

இப்போது சேதி கேள். பகவதிக்குப் பெண் பிறந்திருக்கிறது. கொழுகொழுவென்று, உன் மூக்கு. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. மணி அடிப்பதற்கு முன்னாலேயே அத்தை மூக்குக்கண்ணாடியோடு இலைமுன் வந்து உட்கார்ந்துகொண்டு எங்களை விரட்டுகிறார்கள். அத்தானும் கடையில் பாதிக் கதவைச் சாத்திவிட்டு வரப் பழகிவிட்டார். நான் தேங்காய் இல்லாமல் குளத்தின் அக்கரை போய்வருகிறேன். உன் இரண்டு தேங்காயையும் பத்திரமாகப் பரணில் வைத்திருக்கிறேன். பேத்தி கொஞ்சம் வளரட்டும்.

தெருக்காரர்களுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. நல்ல பழக்கம் உன்னை ஏன் காப்பாற்றவில்லை என்று எனக்குத் தெரியாது. பகவதியைக் காப்பாற்றியது. அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன், வாங்கிக்கொள். இந்த வீட்டில் மணி ஒன்று அடித்தால் பெண்களுக்கு இலை விழும். நான் இருக்கும் வரை நான் போடுவேன், பிறகு பகவதி போடுவாள். சோறு சூடாக இருக்கும்போதே உட்கார்ந்துவிடுவோம். யாருக்காகவும் காத்திருக்கமாட்டோம் அக்கா, உனக்காகக்கூட.

ஓரகத்தியாக வந்து உன் கூடப்பிறந்தவளாகிப்போன தங்கை,
கோமதி