கத்தி என் கையில்தான் இருந்தது

அனுப்புநர்
பிரையனி ஹோல்ட்,
ஊடகவியல் மாணவி, மேனிலை இரண்டாம் ஆண்டு,
14, ரோப்வாக் தெரு,
கெல்டர்மவுத்.

பெறுநர்
தலைமைக் காவல் அதிகாரி அவர்கள்,
கெல்டர் வட்டாரக் காவல் துறை,
கெல்டர்மவுத்.

பொருள்: மாணவர் படப்பிடிப்பின்போது திரு. ஒபின்னா எஸே தரையில் கிடத்தப்பட்டு விலங்கிடப்பட்டது – தங்கள் துறையின் பதிலை ஏற்க இயலாமை – மறுவிசாரணை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் புகார்ப் பிரிவின் 05.02.2024 நாளிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மேற்கண்ட கடிதத்தில், "மாணவர்கள் போதிய முன்திட்டமின்றிப் பொது இடத்தில் படமெடுத்ததால் ஏற்பட்ட தவறான புரிதல்" என்று குறிப்பிடப்பட்டுள்ளது. அந்தப் படத்தைத் திட்டமிட்டவள் நான். அதில் கொலைகாரியாக நடித்தவளும் நான். ஆகவே இதை நானே எழுதுகிறேன். என் ஆசிரியையோ பெற்றோரோ சொல்லி எழுதவில்லை.

2. ஊடகவியல் பாடத்துக்காக ஒரு கிரைம் த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை நாங்கள் எடுத்துக் காட்ட வேண்டும். முழுப் படம் அன்று, தொடக்கம் மட்டும். எங்கள் குழுவில் மூவர்: ஒபின்னா, கேமராவைக் கையாளும் லூயிஸ் தாக்ரே, நான். இலையுதிர் பருவம் முழுவதும் இதையே பேசினோம். ஒவ்வொரு ஷாட்டையும் படமாக வரைந்து நூலகச் சுவரில் ஒட்டினோம். நான் வரைந்த மனிதர்கள் எல்லோரும் உருளைக்கிழங்குக்குக் கை கால் முளைத்ததுபோல் இருப்பதாக லூயிஸ் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

3. யார் எந்த வேடம் என்று பேசிய நாளைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒபின்னா உயரமானவர், கறுப்பினத்தவர்; ஆகவே கொலைகாரன் அவர்தான் என்று வகுப்பில் சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "நான் கொலைகாரனா வரமாட்டேன்பா. என்னைப் பாத்ததும் எல்லாருக்கும் அதுதானே தோணுது? நான்தான் இன்ஸ்பெக்டர். பிரையனி கொல்லட்டும், அவ மூஞ்சி அதுக்குன்னே செஞ்சது" என்றார். வகுப்பே சிரித்தது. எங்கள் கதை அந்தப் பேச்சிலிருந்துதான் பிறந்தது. நீளக் கோட்டு அணிந்த ஒருவர் ஒரு பெண்ணைத் துரத்துகிறார். பார்ப்பவர்கள் அவரையே சந்தேகிக்கிறார்கள். கடைசி ஷாட்டில் அவர் காவல் அதிகாரி என்றும், கத்தி அவள் கையில் இருக்கிறது என்றும் தெரிகிறது. "பார்வையாளர் முதலில் என்னைச் சந்தேகிக்க வேண்டும், பிறகு அதற்காக வெட்கப்பட வேண்டும்" என்று திட்டக் குறிப்பில் ஒபின்னா தம் கையாலேயே எழுதினார்.

4. இனி, முன்திட்டம் பற்றி. ஹார்பர் சாலை வாகன நிறுத்தகத்தின் மேல் தளத்தைச் சனிக்கிழமை காலையில் பயன்படுத்த அதன் மேலாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றோம். என்னென்ன ஆபத்து நேரலாம் என்று எழுதி எங்கள் ஆசிரியை மிஸ் ப்ரைஸிடம் கையொப்பம் வாங்கினோம். வழுக்கும் தரை, நகரும் கார்கள், கடற்காற்றில் கேமரா சாய்வது என எல்லாவற்றையும் எழுதியிருந்தோம். மின்தூக்கி வாசலில் "படப்பிடிப்பு நடக்கிறது" என்று அறிவிப்பு ஒட்டினோம். லூயிஸ் ஒளிரும் மஞ்சள் மேலங்கி அணிந்திருந்தார். இவற்றுக்கெல்லாம் மேலாக, முந்தின வாரமே தங்கள் துறையின் அவசரமல்லாத எண்ணுக்கு நான் தொலைபேசியில் பேசினேன். கத்தி பிளாஸ்டிக், அது பெண்ணின் கையில் இருக்கும், நீளக் கோட்டு அணிந்தவர் துப்பறியும் அதிகாரியாக நடிப்பவர் என்று தெளிவாகச் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் அன்பாகப் பேசினார். "படம் நல்லா வரட்டும்மா, ஆஸ்கார் வாங்கினா எங்களை மறந்துடாதே" என்றுகூடச் சொன்னார். அவர் தந்த பதிவு எண்ணை இணைத்துள்ளேன். தங்கள் புகார்ப் பிரிவின் கடிதத்தில் இந்த அழைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

5. ஜனவரி 20 அன்று மூடுபனி இருந்தது. எங்களுக்கு அது மகிழ்ச்சி. துரத்தும் காட்சியை இரண்டாம் முறையாக எடுத்துக்கொண்டிருந்தபோது, எதிர்க்கட்டடத்திலிருந்து யாரோ காவல் துறைக்கு அழைத்திருக்கிறார்கள். அவர்மீது எனக்குக் குறையில்லை. ஒரு பெண் துரத்தப்படுவதைக் கண்டு சும்மா இருக்காதவர் நல்லவர்தான்.

6. காவலர்கள் இருவர் சரிவுப் பாதை வழியே ஓடி வந்தார்கள். அப்போது கத்தி என் கையில் இருந்தது. அதன் முனையில் நாங்களே பீட்ரூட் சாற்றில் செய்த இரத்தம் இருந்தது. ஒபின்னாவின் கைகள் வெறுமையாக இருந்தன. அவர்கள் என்னைக் கடந்து அவரிடம் போனார்கள். "கீழ படு! கையை நீட்டு! அசையாதே!" என்று ஒருவர் கத்தினார். ஒபின்னா உடனே ஈரத் தரையில் குப்புறப் படுத்தார். நான் "கத்தி என்கிட்ட இருக்குங்க! இது படம்! அவன் என் ஃப்ரெண்டு!" என்று அலறினேன். மற்றவர் என் தோளில் கை வைத்து, "பயப்படாதேம்மா, இனிமே அவனால உன்னை ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். என் கையிலிருந்த கத்தியை வாங்கி வளைத்துப் பார்த்து, பிளாஸ்டிக் என்று கண்டு, சிரித்தபடி திருப்பித் தந்துவிட்டார். ஒபின்னா அப்போதும் தரையில்தான் கிடந்தார்.

7. அவர் சட்டைப் பையில், காட்சிக்காக நாங்கள் அட்டையில் செய்த அதிகாரி அடையாள அட்டை இருந்தது. "சார், அது படத்துக்கு. அதுல பாருங்க, 'இன்ஸ்பெக்டர் மஃபின்'னு கேக்கோட பேரு போட்டிருக்கும்" என்று அவர் தரையில் கிடந்தபடியே சொன்னார். அதன் பிறகுதான் அவருக்கு விலங்கு மாட்டினார்கள். காவலராக ஆள்மாறாட்டம் செய்ததாகச் சந்தேகம் என்று பதிவு செய்தார்கள். மிஸ் ப்ரைஸ் கீழ்த்தளத்திலிருந்து தேநீருடன் மேலே வந்து, கையொப்பமிட்ட தாள்களைக் காட்டிய பிறகே விடுவித்தார்கள். கேமராவின் நினைவக அட்டையை "விசாரணைக்கு" என்று எடுத்துச் சென்றார்கள். அது இன்றுவரை திரும்பவில்லை. கேமரா அந்நேரம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

8. மிஸ் ப்ரைஸ் ஒபின்னாவை வீட்டில் விடும்போது நானும் உடன் சென்றேன். அவர் அணிந்திருந்தது அவருடைய அப்பாவின் கோட்டு. அதன் கை தையலோடு கிழிந்திருந்தது. அதற்காக அவர் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டார். திருமதி எஸே கோட்டைப் பார்க்கவே இல்லை. மகன் முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "நீ ஓடலைல்ல? கையைப் பாக்கெட்டுல விடலைல்ல? எதிர்த்துப் பேசலைல்ல?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவர் "இல்லம்மா" என்றார். "நல்லது, நல்லது" என்றார் தாயார். அம்மையீர், எனக்கும் பதினேழு வயதுதான். இந்தக் கேள்விகளை என் வீட்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை; இவற்றுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லித் தந்ததும் இல்லை. முன்திட்டம் இல்லை என்று தங்கள் துறை எழுதியிருக்கிறது. அந்த வீட்டில் எத்தனை ஆண்டுகளாகத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்பதை அன்று அந்த வாசலில் நின்று நான் கண்டேன்.

9. அதன் பின் ஒபின்னா வகுப்புக்கு வரவில்லை. படத்தையே கைவிட்டு, உள்ளே அமர்ந்து பேசும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று மிஸ் ப்ரைஸ் பரிவோடு சொன்னார். லூயிஸும் நானும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டோம். சென்ற வியாழக்கிழமை ஒபின்னா வந்தார். சுவரில் இருந்த என் உருளைக்கிழங்கு மனிதர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கடைசி ஷாட்டை இன்னும் எடுக்கலைல்ல?" என்றார். வேறு இடத்தில் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். "எதுக்கு? அந்த இடத்துல நான் என்ன தப்பு செஞ்சேன்? அங்கேயேதான் எடுக்கிறோம். நான்தான் இன்ஸ்பெக்டர். ஆனா இந்தத் தடவை கோட்டு உங்கப்பாவோடது" என்றார்.

10. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன இவை. திரு. ஒபின்னா எஸேயின் பெயரில் உள்ள ஆள்மாறாட்டச் சந்தேகப் பதிவை நீக்க வேண்டும். என் முன்னறிவிப்பு அந்தக் காவலர்களைச் சென்றடைந்ததா, அடையவில்லையெனில் ஏன், அடைந்திருந்தால் கத்தி வைத்திருந்தவளை விட்டு வெறுங்கையராய் நின்றவரைத் தரையில் கிடத்தியது ஏன் என்று விசாரித்து எழுத்தில் பதில் தர வேண்டும். நினைவக அட்டையை அதில் உள்ள காட்சி எதுவும் அழியாமல் திருப்பித் தர வேண்டும். "தவறான புரிதலுக்கு வருந்துகிறோம்" என்ற வரியைத் தங்கள் துறை எங்கள் கல்லூரி முதல்வருக்கு அனுப்பியிருக்கிறது. முதல்வரை யாரும் தரையில் கிடத்தவில்லை. மன்னிப்பை ஒபின்னாவுக்கும் அவர் பெற்றோருக்கும், அவர்கள் வீட்டுக்குச் சென்று, நேரில் தெரிவிக்க வேண்டும்.

11. பிப்ரவரி 24, சனிக்கிழமை காலை, அதே வாகன நிறுத்தகத்தின் மேல் தளத்தில் எங்கள் படப்பிடிப்பு மீண்டும் நடைபெறும். மேலாளரின் அனுமதி பெற்றாகிவிட்டது. இம்மனுவையே அதற்கான முன்னறிவிப்பாகவும் ஏற்றுக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் பதில் அதற்கு முன் கிடைத்தால் நன்றியுடையவளாவேன். கிடைக்காவிட்டாலும் நாங்கள் அங்கே இருப்போம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) பிரையனி ஹோல்ட்

இடம்: கெல்டர்மவுத்
நாள்: 12.02.2024

இணைப்பு: தொலைபேசி முன்னறிவிப்பின் பதிவு எண், வாகன நிறுத்தக மேலாளரின் இரு அனுமதிக் கடிதங்கள், மிஸ் ப்ரைஸ் கையொப்பமிட்ட ஆபத்து மதிப்பீடு.

இம்மனுவை முழுவதும் படித்துப் பார்த்தேன். என் சம்மதத்துடன் அனுப்பப்படுகிறது.
(ஒப்பம்) ஒபின்னா எஸே