முத்துராஜ் வீட்டு போன் மணி

ஐப்பசி, வெள்ளி இரவு, 2002

முத்துராஜ் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடைப்பதே இல்லை. கோவில்பட்டிக் கடைக்காரர் மோடத்தையே மாற்றச் சொன்னாராம். நான் பழுது பார்க்க உட்கார்ந்ததும் கோளாறு பிடிபட்டது. கம்ப்யூட்டர் டயல் செய்யும்போது அதே லைனில் அடுக்களையில் இருந்த இன்னொரு போன் லேசாகச் சிணுங்கியது. அவன் அம்மா ஓடிப்போய் எடுத்தார்கள். இணைப்பு அறுந்தது.

"மஸ்கட்ல இருந்து மூத்தவன்யா. நெதமும் கூப்பிடுதான். எடுத்தா ஒரே இரைச்சல்தான் கேக்கு."

டயல் செய்யும் முறையை, மற்ற போனின் மணியைத் தட்டிவிடும் பல்ஸிலிருந்து மணியைத் தொடாத டோனுக்கு மாற்றினேன். போன் சிணுங்கவில்லை, இணைப்பும் அறாமல் நின்றது. முத்துராஜுக்கு வாயெல்லாம் பல்.

கிளம்பும்போது அம்மா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னைக்கு மறந்துட்டானோ?"

என் வேலையில் குறையில்லை. இத்தனை நாள் கூப்பிட்டது கம்ப்யூட்டர்தான் என்பதை முத்துராஜே சொல்லிக்கொள்ளட்டும்.