மண்டபம் கிடைத்துவிட்டது, அண்ணே

என் அன்பு அண்ணே,

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். உள்ளே அம்மா இருமினாலே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. நகராண்மைக் கழகம் நம் நாடகக் குழுவுக்கு மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறது. விளக்குச் செலவும் உடுப்புச் செலவும் அவர்களுடையதே. சனிக்கிழமை நாடகம். இதைப் பார்க்காமல் காய்ச்சலில் போய்விட்டாயே!

நம் ஊர் புந்தோங்கில் இதுவரை எல்லா நாடகத்துக்கும் பணம் கொடுத்தது சாராயக்கடை முதலாளிதான். முதல் வரிசை நாற்காலி அவருக்கு, மாலையும் அவருக்கு. குடிகாரன் மகள் பேசும் காட்சியை நீ எழுதியதும், "அத வெட்டிரு தம்பி, அப்பறம் பேசலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீ மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகராண்மைக் கழகத்தில் மண்டபம் கேட்கக் கிளம்பினாய்.

"பயமா இல்லையாண்ணே?"

"என்ன பயம்? நம்ம வீட்டு வரியும் அங்கதான போவுது. ஒருத்தன் காசுன்னா அவன் வாய மூடச் சொல்வான். இது எல்லாரு காசுலா!"

திரும்பி வந்து விழுந்து விழுந்து சிரித்தாய். "சீனவங்க கேக்குறாங்க, மலாய்க்காரவங்க கேக்குறாங்க. புந்தோங்காரங்க இத்தன வருசமா எங்கய்யா போனீங்க?" என்றாராம் அங்கே மனு வாங்கி எழுதும் தமிழ்க் கிராணி. நம்மில் யாருமே கேட்டதில்லை. கேட்கலாம் என்று உனக்கு மட்டும் எப்படித் தோன்றியது?

குடிகாரன் மகளாக நடிப்பது நான். இன்று சாயங்காலம் முதலாளி நம் வாசலுக்கே வந்துவிட்டார். அப்பா இன்னும் அவருடைய லோரியைத்தான் ஓட்டுகிறார்.

"மாரி, ஒன் மவ மேடையில ஏறுனா திங்கக்கெழம லோரிச் சாவிய வச்சிட்டுப் போயிரு."

முதலாளி போனதும் அம்மா அழுதார். "மகன்தான் போயிட்டான். சோறும் போவணுமா? நீ போவாத, செல்வி."

அம்மா சொல்வதும் நியாயம்தானே? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அம்மா படுத்த பிறகு அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணன் எழுதுனத சொல்லு, கேப்போம்" என்றார். அம்மாவுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து மெதுவாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"சத்தம் பத்தாது. மண்டபம் பெருசுலா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

எனக்கு இன்னும் பயம்தான், அண்ணே. ஆனாலும் சனிக்கிழமை நீ எழுதியதில் ஒரு சொல் விடாமல், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி பேசுவேன்.

என்றும் உன் தங்கச்சி,
செல்வி